மலிவான மிதிவெடி ரோபோ: யாருக்கு மலிவு?

(எமது வானொலியின் ஞாயிறு மாலை உரை நிகழ்ச்சியில் ஏப்ரல் மாதம் ஒலிபரப்பாகிய உரையின் எழுத்து வடிவம்)



ஏப்ரல் 4ஆம் திகதியை மிதிவெடி பற்றிய விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2005ஆம் ஆண்டு அறிவித்தது. அந்த நாளையொட்டி ஓர் உரை தரவேண்டும் என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கேட்டபோது, மிதிவெடியின் கொடுமையைப் பற்றிப் பேசுவதற்கு நான் தேவையில்லை என்று சொன்னேன். இந்த நிகழ்ச்சியைக் கேட்பவர்களில் பலருக்கு அது தெரியும். ஆகவே வேறொரு விடயத்தை எடுத்துக்கொண்டேன். ஏழை நாடுகளில் மிதிவெடி அகற்ற மலிவான ரோபோ செய்யலாமா? செய்தால் அது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்?

நான் விஞ்ஞானி அல்ல. மிதிவெடி அகற்றும் தொழிலும் செய்ததில்லை. விக்டோரியா மாநிலத்தில் விவசாய இயந்திரங்கள் திருத்தும் வேலை என்னுடையது. அதற்கு முன்னர் கிளிநொச்சியில் வயலும் வரம்புமாக வளர்ந்தவன். இயந்திரம் ஒன்று ஏன் ஓடுகிறது என்பதைவிட, அது ஏன் நின்றுபோகிறது என்பதைப் பார்த்துப் பார்த்தே என் காலம் போயிருக்கிறது. அந்தக் கண்ணோடுதான் இந்த ரோபோக்களையும் பார்க்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு மிதிவெடியைச் செய்ய 3 முதல் 30 டொலர், அதே மிதிவெடியை மண்ணிலிருந்து எடுக்க 300 முதல் 1,000 டொலர் என்பது 1990களிலிருந்தே ஐ.நா. வட்டாரங்களில் சொல்லப்பட்டுவரும் கணக்கு. புதைப்பதற்கு ஒரு நிமிடம் போதும். எடுப்பதற்கு ஒருவர் முழங்காலில் இருந்து நாட்கணக்காக வேலை செய்ய வேண்டும். 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் மிதிவெடிகளாலும் வெடிக்காத குண்டுகளாலும் இறந்தோரும் காயமுற்றோரும் குறைந்தது 5,757 பேர் எனப் பதிவாகியது. அவர்களில் பெரும்பான்மையோர் பொதுமக்கள். இந்தக் கணக்கைப் பார்க்கும் எவருக்கும் வரும் முதல் எண்ணம், மனிதனை வெளியே எடுத்துவிட்டு ஒரு இயந்திரத்தை உள்ளே அனுப்பினால் என்ன என்பதுதான்.

நல்ல எண்ணம்தான். உலகின் பல பல்கலைக்கழகங்கள் முப்பது ஆண்டுகளாக இதில் இறங்கியிருக்கின்றன. ஆறு கால், எட்டுக் கால், சக்கரம், சங்கிலி என்று எத்தனையோ வடிவங்கள். ஆனால் இன்றும் முகமாலையிலோ கம்போடியாவிலோ அங்கோலாவிலோ போய்ப் பார்த்தால், பெரும்பாலும் மனிதர்தான் மண்ணோடு நிற்கிறார். ஏன் அப்படி?

அதற்கு முதல் காரணம், வேலையின் தன்மை. போர்முனையில் படையினர் மிதிவெடிக்கு நடுவே ஒரு பாதை திறந்தால் போதும். நூற்றுக்கு எண்பது வெடி போனாலும் அவர்களுக்கு அது வெற்றி. ஆனால் ஒரு தாய் தன் பிள்ளையை விளையாட விடப்போகும் காணியில் நூற்றுக்கு எண்பது என்பது பேச்சுக்கே இடமில்லாத கணக்கு. 1990களில் ஐ.நா. வகுத்த மனிதாபிமான மிதிவெடி அகற்றல் நியமம் 99.6 விழுக்காட்டைக் கேட்டது. இப்போதைய சர்வதேச நியமங்கள், குறித்த இடத்தில் குறித்த ஆழம் வரைக்கும் உள்ள எல்லா ஆபத்தையும் அகற்ற வேண்டும் என்கின்றன. எல்லா ஆபத்தையும், நேயர்களே! நாம் வீட்டில் பாவிக்கும் எந்த இயந்திரத்திடமும் அப்படி ஒரு உத்தரவாதத்தை நாம் கேட்பதில்லை.

இரண்டாவது காரணம், நிலம். பரிசோதனைக்கூடத்தில் சமனான மணல் இருக்கும். உண்மையான மிதிவெடி நிலம் பத்து, இருபது வருடம் யாரும் கால் வைக்காத நிலம். அங்கே ஈச்சம்பற்றை, நாயுண்ணிப் பற்றை, விழுந்த பனைமரம், பதுங்குகுழி, மண் அணை, முட்கம்பி எல்லாம் இருக்கும். மாரியில் சேறு, கோடையில் பாறைபோல் இறுகிய மண். போதாததற்கு, போர் நடந்த நிலம் முழுவதும் இரும்பு. உலோகம் கண்டறியும் கருவி ஒரு மிதிவெடியைக் காட்டுவதற்குள் நூற்றுக்கணக்கான ஆணியையும் தகரத் துண்டையும் தோட்டாக் கோதையும் காட்டிவிடும். ஒவ்வொன்றையும் வெடியென்றே எண்ணித்தான் தோண்ட வேண்டும். எங்கள் மண்ணில் புதைக்கப்பட்ட பி4 போன்ற பிளாஸ்டிக் வெடிகளில் உலோகம் மிகச் சொற்பம். ஜொனி 95 என்பதோ சிறு மரப்பெட்டி.

இனி, இந்தச் சவாலை எடுத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

யப்பானில், அன்றைய டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் சிகேயோ ஹிரோசே என்ற பேராசிரியர் இருந்தார். நடக்கும் ரோபோக்களில் உலகப் புகழ் பெற்றவர். டைட்டன் என்ற பெயரில் நான்கு கால் ரோபோக்களை வரிசையாகச் செய்தவர். அவற்றுள் ஒன்றை மிதிவெடி அகற்றுவதற்கென்றே வடிவமைத்தார். அவருடைய குழு பின்னர் செய்த கிரிஃபன் என்ற இயந்திரத்துக்குக் காலே இல்லை. பண்ணைகளில் ஓடும் நான்கு சக்கர மோட்டார் வண்டி ஒன்றின் மேல் நீண்ட கை ஒன்றைப் பொருத்தி, அந்தக் கையின் நுனியில் உணர்கருவியை வைத்தார்கள். வண்டி பாதுகாப்பான பக்கத்தில் நிற்கும். கை மட்டும் ஆபத்தான நிலத்தின் மேலாக நீளும். சந்தேகமான இடத்தை அது அடையாளமிடும். தோண்டுவது மனிதர் வேலை. 2000களின் நடுப்பகுதியில் இதைக் குரோஷியாவிலும் கம்போடியாவிலும் பரிசோதித்தார்கள். நடக்கும் ரோபோவில் கைதேர்ந்த ஒருவர் சந்தையில் கிடைக்கும் சாதாரண வண்டிக்கு வந்து சேர்ந்ததை நான் பெரிய பாடமாக எடுத்துக்கொள்கிறேன். மிதிவெடி நிலத்துக்குத் தேவை கெட்டித்தனமான கால் அல்ல என்பதை அவருடைய குழுவின் பாதையே காட்டுகிறது.

மலிவு என்ற சொல்லுக்கு மிகவும் பெயர்போனது 2011இல் வந்த மைன் கஃபோன். காபூலில் பிறந்து நெதர்லாந்தில் குடியேறிய மசூத் ஹசானி என்ற வடிவமைப்பாளர், சிறுவயதில் காற்றில் ஓடவிட்ட விளையாட்டுப் பொருட்களை நினைத்து, மூங்கில் கால்களும் பிளாஸ்டிக் பாதங்களும் கொண்ட பெரிய பந்து ஒன்றைச் செய்தார். காற்று அதை உருட்டிச் செல்லும். வெடியின்மேல் ஏறினால் வெடிக்கும். சில கால்கள் போகும், மற்றவற்றோடு அது மேலும் உருளும். செலவு ஏறத்தாழ 40 யூரோ என்றார்கள். நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் வரை அது போனது. உலகத்தின் கவனத்தை மிதிவெடியின் பக்கம் திருப்பிய பெருமை அதற்கு உண்டு. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் போகும் ஒரு பந்து, இந்தக் காணி முழுவதும் சுத்தம் என்று எழுதிக் கையெழுத்திட உதவாது. அது போன பாதை மட்டும்தான் தெரியும். போகாத இடத்தைப் பற்றி அதனால் ஒன்றும் சொல்ல முடியாது.

அண்மைக்காலத்தில் ட்ரோன்கள் வந்திருக்கின்றன. அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், விலை குறைந்த ட்ரோனில் வெப்பக் கமரா பொருத்தி, நிலத்தின் மேல் சிதறிக் கிடக்கும் பிளாஸ்டிக் 'பட்டாம்பூச்சி' வெடிகளைக் கண்டறியலாம் என்று காட்டினார்கள். வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் வெடியும் அதைச் சுற்றியுள்ள மண்ணும் ஒரே வேகத்தில் சூடாவதில்லை, ஆறுவதுமில்லை. அந்த வித்தியாசத்தைக் கமரா பிடிக்கிறது. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் பற்றைக்குக் கீழே மண்ணுக்குள் புதைந்த வெடிக்கு இது போதாது. எங்கே தேட வேண்டும், எங்கே தேடத் தேவையில்லை என்று பிரித்துச் சொல்வதே ட்ரோனின் பெரிய உதவி. தேடத் தேவையில்லாத நிலத்தை அடையாளம் காண்பதும் பெரிய செலவு மிச்சம்தான்.

உயிருள்ள 'ரோபோ' ஒன்றும் உண்டு. தன்சானியாவில் அப்போப்போ என்ற நிறுவனம் பயிற்றும் பெரிய எலிகள். இவை இரும்பைத் தேடுவதில்லை, வெடிமருந்தின் மணத்தைத் தேடுகின்றன. ஆகவே ஆணியும் தகரமும் இவற்றை ஏமாற்றுவதில்லை. கம்போடியாவில் வேலை செய்த மகாவா என்ற எலிக்கு 2020இல் பிரித்தானிய விலங்கு நல அமைப்பொன்று தங்கப்பதக்கம் கொடுத்தது. 2022 ஜனவரியில் அது இறந்தபோது உலகச் செய்தியாகியது. ஆனால் அந்த எலிக்கும் முன்னால் ஒருவர் பற்றையை வெட்டிப் பாதை அமைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இலங்கையிலும் இந்த முயற்சி நடந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் திரிசாந்த நாணயக்கார என்ற ஆய்வாளரின் குழு 2000களில் வெப்பமண்டலக் காட்டுநிலத்தில் ஓடக்கூடிய ரோபோக்களைச் செய்து பார்த்தது. மணம் பிடிக்கப் பழக்கிய கீரியையும் ரோபோவையும் ஒன்றாகக் கட்டி அனுப்பும் யோசனை வரை போனார்கள். மோப்பம் கீரியுடையது, வழிகாட்டல் ரோபோவுடையது. சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அந்த மண்ணில் என்ன கிடைக்கிறதோ அதிலிருந்து தொடங்க வேண்டும் என்ற சிந்தனை அதில் இருக்கிறது.

அதே சிந்தனையை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனவர் ஓர் இத்தாலியப் பெண் பொறியியலாளர். எமானுவேலா செப்போலினா என்று பெயர். போர்நிறுத்த காலத்தில் வன்னிக்கு வந்து, மிதிவெடி அகற்றும் பணியாளர்களிடமே கேட்டார். உங்களுக்கு எது கஷ்டம்? எந்த வேலையை இயந்திரம் செய்தால் உங்களுக்கு ஆறுதல்? மிதிவெடியைக் கண்டுபிடித்துத் தரும் அதிசயக் கருவியை மனதில் வைத்து அவர் வரவில்லை. பற்றை வெட்டுவது, இறுகிய மண்ணை இளக்குவது ஆகிய இரண்டும்தான் நேரத்தையும் உடம்பையும் தின்கின்றன என்று அவர் கண்டார். அதற்கு அவர் தெரிவுசெய்த அடித்தளம் என்ன தெரியுமா? எங்கள் லாண்ட்மாஸ்டர்.

ஆம், நேயர்களே. வயலில் உழுது, சந்தைக்கு மூட்டை ஏற்றி, திருவிழாவுக்குச் சனம் ஏற்றிப் போன அதே இருசக்கர உழவு இயந்திரம். என் தகப்பனாரிடமும் ஒன்று இருந்தது. ஒரு சாவியும் கொஞ்சக் கம்பியும் பழைய ரியூப் துண்டும் இருந்தால் அதைத் திருத்திவிடலாம். உதிரிப்பாகம் கிளிநொச்சிக் கடையிலேயே கிடைக்கும். கிடைக்காவிட்டால் பக்கத்துப் பட்டறையில் கடைந்து தருவார்கள். அதைத் தூரத்திலிருந்து இயக்கக்கூடியதாக மாற்றி, முன்னால் வேறு கருவி பூட்டினால் என்ன என்பதே அவருடைய ஆய்வு. 2008இல் இத்தாலியின் ஜெனோவாப் பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த ஆய்வேட்டின் தலைப்பிலேயே இருசக்கர உழவு இயந்திரமும் இருக்கிறது, நத்தையும் இருக்கிறது. வன்னியில் மீண்டும் போர் மூண்டது. அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாக இத்தாலியில் சிறிய உழவு இயந்திரம் ஒன்றை மாற்றியமைத்து, பின்னர் யோர்தானில் பரிசோதித்தார்கள்.

இதற்குச் சமமான இன்னொரு கதை, எங்கள் மண்ணின் முள்வாரி. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு வடக்கில் மிதிவெடி அகற்றியோர் நீண்ட பிடி போட்ட முள்வாரிகளைப் பயன்படுத்தினார்கள். பாரமான வாரி மண்ணை இளக்கும். இலேசான வாரி அதை இழுத்துவரும். நோர்வே மக்கள் உதவி நிறுவனம் இந்த முறையைச் செம்மைப்படுத்தி, விதிமுறை எழுதி, பாதுகாப்பு உடையோடு சேர்த்து ஒரு முறையான முறையாக்கியது. மேலேயிருந்து குத்திப் பார்க்காமல், பக்கவாட்டில் மண்ணை அகற்றி வெடியை வெளியே எடுப்பது. பிடி நீளமாக இருப்பதால் வெடித்தாலும் ஆளுக்கும் வெடிக்கும் இடையே தூரம் இருக்கிறது. மண் முழுவதையும் குறித்த ஆழத்துக்கு அள்ளிப் பார்ப்பதால், உலோகம் இல்லாத வெடியும் தப்பாது. உலகத்தின் மலிவான மிதிவெடிக் கருவி எது என்று என்னைக் கேட்டால், எங்கள் கொல்லன் அடித்த அந்த வாரியைத்தான் சொல்வேன்.

இப்போது நான் சொல்லவந்த விடயத்துக்கு வருகிறேன். மலிவு என்றால் என்ன?

கடையில் எழுதியிருக்கும் விலை மலிவைச் சொல்லாது. ஒரு பேச்சுக்கு, பத்தாயிரம் டொலருக்கு ஒரு ரோபோ வாங்குகிறோம் என்று வையுங்கள். மூன்றாம் மாதம் அதன் மின்னணுப் பலகை வெயிலில் கெட்டுவிடுகிறது. புதிய பலகை வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். சுங்கத்தில் நிற்கிறது. பூட்டத் தெரிந்த பொறியியலாளர் படிப்பை முடித்து வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆறு மாதம் அந்த ரோபோ தகரக் கொட்டகைக்குள் தூங்குகிறது. அப்போது அது பத்தாயிரம் டொலர் இயந்திரம் அல்ல. ஒரு அடி நிலமும் சுத்தம் செய்யாத இயந்திரம். என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். இந்த நாட்டிலேயே, ஒரு உதிரிப்பாகத்துக்காக அறுவடை நாளில் நிற்கும் இயந்திரங்கள் எத்தனை!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வடக்கில் இந்த வேலையைச் செய்பவர்களில் கணிசமானோர் பெண்கள். போரில் கணவனை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. அந்தச் சம்பளத்தில்தான் அவர்களுடைய வீட்டில் அடுப்பு எரிகிறது. அவர்களை வெளியேற்றும் ரோபோ மலிவானதல்ல. அவர்களுடைய முதுகுவலியைக் குறைத்து, ஒரு நாளில் செய்வதை இரண்டு மடங்காக்கும் இயந்திரமே உண்மையில் மலிவானது.

ஆகவே புலம்பெயர்ந்த நாங்கள் இதில் செய்யக்கூடியது என்ன? எங்கள் பிள்ளைகள் பலர் பொறியியல் படிக்கிறார்கள். மிதிவெடி ரோபோ செய்கிறோம், நிதி தாருங்கள் என்று ஊர்ச் சங்கங்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் கேட்டு வருகிறார்கள். ஆர்வத்தை நான் மெச்சுகிறேன். பணம் கொடுக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஒன்று: இது எந்த வேலையைச் செய்யும்? பற்றை வெட்டுமா, மண் இளக்குமா, தேடுமா, எடுக்குமா? எல்லாவற்றையும் செய்யும் என்று பதில் வந்தால் பணப்பையை மூடிவிடுங்கள்.

இரண்டு: இது போன பிறகு நிலத்தில் என்ன மிஞ்சும்? மண்ணை அடித்துப் போகும் பெரிய இயந்திரங்களே சில வெடிகளை உடைத்தும் சிலவற்றைத் தள்ளியும் விட்டுப்போவதுண்டு. பின்னால் மனிதர் வந்து பார்க்கத்தான் வேண்டும்.

மூன்று: பழுதானால் யார் திருத்துவார்? பரந்தனில் திருத்த முடியுமா, அல்லது மெல்பேர்ணுக்கு அனுப்ப வேண்டுமா?

நான்கு: வேலை செய்கிறவர்களிடம் கேட்டீர்களா? ஒருநாளாவது அவர்கள் வேலை செய்யும் இடத்தைப் போய்ப் பார்த்தீர்களா?

இந்த நான்குக்கும் நேரான பதில் சொல்லும் பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுங்கள். அந்தப் பிள்ளை செய்வது தொலைக்காட்சியில் காட்டும்படியான ரோபோவாக இராது. தூரத்திலிருந்து இயக்கும் ஒரு பற்றை வெட்டியாக இருக்கலாம், வியர்வை கொட்டாத ஒரு முகக்கவசமாக இருக்கலாம், வாரியின் நல்ல பிடியாகக்கூட இருக்கலாம்.

காலம் குறைவாகவே இருக்கிறது. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி நிலத்தைச் சுத்தம் செய்து முடிக்க 2028 ஜூன் வரை தவணை. ஆனால் 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியபோது உலகெங்கும் பல மிதிவெடித் திட்டங்கள் நின்றன. அதே ஆண்டில் பால்டிக் நாடுகளும் பின்லாந்தும் போலந்தும் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலக முடிவெடுத்தன. உலகம் புதிய வெடிகளைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கும் நேரத்தில், பழைய வெடியை எடுக்கப் பணம் தேடுவது இன்னும் கடினமாகும். பளைப் பக்கம் என் உறவினர் ஒருவரின் தென்னங்காணி பத்தாண்டுக்கு மேல் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைக்குப் பின்னால் கிடந்தது. அதை மீட்டுக் கொடுத்தவர்கள் வாரியோடு வந்த பெண்கள்தான். இன்னும் பலகை எடுக்கப்படாத காணிகள் இருக்கின்றன. அங்கே வேலை செய்பவர்களுக்கு நாங்கள் அனுப்பும் இயந்திரம், அவர்கள் கேட்ட இயந்திரமாக இருக்கட்டும்.